தானாக உருவாகும் இணையதள மெனு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு பக்கத்தை எழுதி வெளியிட்டதும் அது மெனுவில் தானே வந்து சேர வேண்டும், நீக்கினால் தானே போய்விட வேண்டும். தளம் நடத்தும் எல்லோரும் விரும்புவது இதைத்தான். வேர்ட்பிரஸ், ஜூம்லா, ட்ரூபல், டைப்போ3 என எந்த உள்ளடக்க மேலாண்மை அமைப்பை (பக்கங்களை எழுதி, வெளியிட்டு, பராமரிக்க உதவும் மென்பொருளை) எடுத்தாலும் இதற்கு ஏதோ ஒரு வழி இருக்கிறது. ஆனால் அதை எங்கே இயக்குவது, எங்கே நிறுத்துவது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். திரும்பத் திரும்ப என்னிடம் வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

தானாக உருவாகும் மெனு என்றால் சரியாக என்ன?

கையால் கட்டும் மெனு ஒரு தனிப் பட்டியல். அதில் எந்தப் பக்கம் இருக்க வேண்டும், எந்த வரிசையில், எதன் கீழ் என்பதை நீங்களே அடுக்குகிறீர்கள். பக்கங்கள் ஓரிடத்தில் இருக்கும், பட்டியல் இன்னோர் இடத்தில் இருக்கும். ஒன்று மாறினால் மற்றொன்றுக்குத் தெரியாது.

தானாக உருவாகும் மெனுவில் தனிப் பட்டியல் கிடையாது. தளத்தில் ஏற்கெனவே இருக்கும் ஒழுங்கைப் படித்து, பார்வையாளர் வரும் நேரத்தில் மெனு வரையப்படுகிறது. அந்த ஒழுங்கு பெரும்பாலும் பக்கமரமாக இருக்கும். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு தாய்ப்பக்கம், உடன்பிறப்புகளுக்குள் ஒரு வரிசை எண். சில தளங்களில் மரத்துக்குப் பதில் வகைகளோ குறிச்சொற்களோ அந்த வேலையைச் செய்யும்.

இதிலிருந்து ஒன்று புரியும். மரம் குழம்பிக் கிடந்தால் மெனுவும் குழம்பித்தான் வரும். 'மெனு சரியாக வரவில்லை' என்று வரும் புகார்களில் பெரும்பாலானவற்றை மெனு அமைப்பில் கை வைக்காமலேயே தீர்க்க முடிகிறது. பக்கங்களின் தாய்-சேய் உறவைச் சரிசெய்தால் போதும்.

வேர்ட்பிரஸில் நான் எந்த மெனுவும் உருவாக்கவில்லை. ஆனாலும் எல்லாப் பக்கங்களும் மேலே வரிசையாக நிற்கின்றனவே?

அது பிழை இல்லை. 2010 ஜூனில் வந்த 3.0 பதிப்பில்தான் வேர்ட்பிரஸில் மெனுக்களைக் கையால் அடுக்கும் வசதி வந்தது. அதற்கு முன் பக்கங்களின் பட்டியலே மெனுவாக இருந்தது. இன்றும் ஒரு மெனு இடத்துக்கு நீங்கள் எதையும் ஒதுக்காவிட்டால், வேர்ட்பிரஸ் அந்தப் பழைய வழிக்கே திரும்பி, வெளியிட்ட பக்கங்களையெல்லாம் காட்டும். டெம்ப்ளேட்டை (பக்கத்தின் தோற்றத்தை வரையும் நிரல் கோப்பை) எழுதியவர் வேண்டாம் என்று அணைத்து வைத்திருந்தால் மட்டுமே அந்த இடம் காலியாக இருக்கும்.

பக்கத்தைப் பிளாக் என்ற துண்டுகளாக அடுக்கும் புதிய பிளாக் தீம்களிலும் இதே போக்குதான். மெனுவைக் காட்டும் நேவிகேஷன் பிளாக்குக்குள் 'பக்கப் பட்டியல்' என்ற பிளாக் உட்கார்ந்திருக்கும். முதலில் பக்கத்தின் வரிசை எண்ணையும், அது சமமாக இருந்தால் தலைப்பின் அகரவரிசையையும் பார்த்து அடுக்கும். ஒரு எச்சரிக்கை: அந்தப் பட்டியலில் ஒரே ஒரு பெயரை மாற்ற நினைத்து 'திருத்து' என்பதை அழுத்தினால், அது தனித்தனி இணைப்புகளாக உடைந்துவிடும். அந்த நொடி முதல் அது கையால் கட்டிய மெனு. அடுத்து வெளியிடும் பக்கம் அதில் வராது. ஏன் வரவில்லை என்று பிறகு தேடிக்கொண்டிருப்பீர்கள்.

வேர்ட்பிரஸ் மெனு அமைப்பில் 'புதிய பக்கங்களைத் தானாகச் சேர்' என்ற பெட்டியை டிக் செய்துவிட்டேன். சில பக்கங்கள் வருகின்றன, சில வரவில்லை. ஏன்?

அந்த வசதி மேல்நிலைப் பக்கங்களுக்கு மட்டும்தான். தாய்ப்பக்கம் உள்ள எந்தப் பக்கத்தையும் அது தொடாது. மேலும், பக்கம் முதன்முதலாக வெளியாகும் அந்தக் கணத்தில் மட்டும் அது வேலை செய்யும். டிக் செய்வதற்கு முன் வெளியிட்ட பக்கங்களைத் தேடிப் பிடித்துச் சேர்க்காது. சேர்க்கும் பக்கத்தையும் மெனுவின் கடைசியில்தான் போடும், அதாவது 'தொடர்புக்கு' என்பதற்கும் அப்பால்.

பெரும்பாலானவர்களுக்குத் தேவைப்படுவது இதற்கு நேர் எதிரானது. மேல்நிலை அப்படியே இருக்க வேண்டும், உள்நிலைகள் தானாக நிரம்ப வேண்டும். ஆகவே இந்தப் பெட்டியை டிக் செய்யாமல் விடுங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

அப்படியானால் முழு மெனுவையும் தானியங்கியாக விடுவது நல்லதில்லையா?

நல்லதில்லை. மேல்நிலை கையால், கீழ்நிலைகள் தானாக. பல தளங்களைக் கட்டியும் பிரித்தும் பார்த்த பிறகு நான் வந்து நின்ற இடம் இது.

காரணத்தை விளக்குகிறேன். மேல்நிலையில் இருக்கும் ஐந்தாறு சொற்களைப் பார்த்துத்தான் ஒருவர் 'இந்தத் தளம் எதைப் பற்றியது, எனக்கு வேண்டியது இங்கே கிடைக்குமா' என்று முடிவு செய்கிறார். அந்தச் சொற்களைத் தேர்ந்தெடுப்பது ஆசிரியர் வேலை. எது முக்கியம், எது முதலில் வர வேண்டும் என்பது எந்தத் தரவுத்தளத்துக்கும் தெரியாது. ஆண்டுக்கு ஒருமுறை மாறினாலே அதிகம் என்பதால் அதைத் தானியங்கியாக்கி மிச்சப்படும் உழைப்பும் பெரிதாக இல்லை.

கீழ்நிலை அப்படியில்லை. 'பயிற்சிகள்' என்ற பகுதிக்குள் வாரம் ஒரு பக்கம் சேரும், பழையது போகும். எழுதுபவர் ஒருவராகவும் மெனுவைப் பார்த்துக்கொள்பவர் இன்னொருவராகவும் இருந்தால், இருவரும் ஒவ்வொரு முறையும் பேசிக்கொண்டே இருக்க முடியாது. அங்கே கையால் கட்டிய மெனு மெல்ல மெல்ல உண்மையிலிருந்து விலகும். எழுதிய பக்கத்துக்கு வழி இருக்காது, இருக்கும் வழி செத்த பக்கத்துக்குப் போகும்.

எனக்கு நேர்ந்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு நிறுவனத்தின் தளத்தில் முழு மெனுவையும் பக்கமரத்திலிருந்து வரும்படி அமைத்துக் கொடுத்தேன். ஒரு வெள்ளிக்கிழமை மாலை அங்கே ஒருவர் ஏதோ பார்ப்பதற்காக 'சோதனை 2' என்று ஒரு பக்கத்தை வெளியிட்டார். தாய்ப்பக்கம் தேர்ந்தெடுக்கவில்லை, வரிசை எண் 0. அது நேராக முதன்மை மெனுவில் முகப்புக்குப் பக்கத்தில் போய் நின்றுவிட்டது. திங்கட்கிழமை வரை யாரும் கவனிக்கவில்லை. அவர்மீது தவறு இல்லை. ஒரு பக்கத்தை வெளியிடும் உரிமையையும் தளத்தின் முகத்தை மாற்றும் உரிமையையும் ஒன்றாக்கி வைத்தது என் அமைப்பு. அன்றிலிருந்து மேல்நிலையை யாருக்கும் தானியங்கியாக விட்டுக் கொடுப்பதில்லை.

செய்முறை எளிது. மேல்பட்டையில் கையால் அடுக்கிய மெனு. ஒவ்வொரு பகுதிக்குள்ளும் போனால் பக்கவாட்டில் அந்தப் பகுதியின் சேய்ப்பக்கங்கள் மட்டும் மரத்திலிருந்து தானாக வரும் பட்டியல். கீழ்விரி மெனுவே வேண்டும் என்றால், மேலே உள்ள ஒவ்வொரு பெயருக்கும் கீழே அதன் சேய்களை டெம்ப்ளேட் தானாக இழுக்கும்படி செய்யலாம்.

கையால் அடுக்கும் பகுதியிலாவது கவனிக்க வேண்டியது ஏதாவது உண்டா?

ஒன்று உண்டு. வேர்ட்பிரஸில் ஒரு பக்கத்தை மெனுவில் சேர்க்கும்போது 'பக்கங்கள்' பட்டியலிலிருந்தே சேருங்கள், முகவரியை ஒட்டிச் சேர்க்கும் 'தனிப்பயன் இணைப்பு' வேண்டாம். பட்டியலிலிருந்து சேர்த்தால் பக்கத்தின் முகவரி மாறும்போது மெனுவும் கூடவே மாறும், பக்கத்தை அடியோடு நீக்கினால் மெனுவிலிருந்தும் நீங்கும். ஒட்டிய இணைப்புக்கு இந்த அறிவு எதுவும் கிடையாது.

ஜூம்லா, ட்ரூபல், டைப்போ3 ஆகியவற்றிலும் இதே மாதிரிதானா?

இல்லை. ஒவ்வொன்றின் எண்ணமும் வேறு.

ஜூம்லாவில் மெனுதான் தளத்தின் எலும்புக்கூடு. ஒரு கட்டுரையின் முகவரி எப்படி அமையும், அதைச் சுற்றி எந்த மாட்யூல்கள் (பக்கத்தின் ஓரங்களில் வைக்கும் சிறு பெட்டிகள்) தெரியும் என்பதை மெனு உருப்படிதான் தீர்மானிக்கிறது. அதனால் 'கட்டுரை எழுதினேன், மெனுவில் வரவில்லை' என்பது அங்கே இயல்பான நிலை. தானாக வர வேண்டுமானால் ஒற்றைக் கட்டுரைக்குப் பதில் ஒரு வகைக்கு மெனு உருப்படி வையுங்கள். அந்த வகையில் எழுதுவதெல்லாம் அந்தப் பக்கத்தில் பட்டியலாகும். பக்கவாட்டுக்கு, வகையிலுள்ள கட்டுரைகளைக் காட்டும் மாட்யூல் இருக்கிறது. மெனு மாட்யூலில் தொடக்க நிலை, இறுதி நிலை என்று இரண்டு அமைப்புகள் உண்டு. ஒரே மெனுவின் முதல் நிலையை மேலேயும் இரண்டாம் நிலையைப் பக்கவாட்டிலும் பிரித்துக் காட்ட அவை போதும்.

ட்ரூபலில் ஒவ்வொரு உள்ளடக்கத்தையும் எழுதும் படிவத்திலேயே 'மெனு இணைப்பு கொடு' என்ற பெட்டி இருக்கும். எழுதுபவரே டிக் செய்து, தாய் எது என்று தேர்ந்தெடுப்பார். முழுத் தானியங்கி இல்லை, முழுக் கைவேலையும் இல்லை. எழுதுபவர் கையில் முடிவைக் கொடுக்கும் இந்த நடுவழி எனக்கு மிகவும் பிடிக்கும். பெரிய எண்ணிக்கையில் பட்டியல் வேண்டுமென்றால் வியூஸ் என்ற பட்டியல் கட்டும் கருவியைக் கொண்டு கட்டலாம்.

டைப்போ3 பிறவியிலேயே பக்கமரம்தான். அட்மின் பகுதியின் இடப்பக்கம் தெரியும் மரமும் தளத்தில் வரும் மெனுவும் ஒன்றே. ஒவ்வொரு பக்கத்திலும் மெனுவில் காட்டலாமா கூடாதா என்ற பொத்தான் உண்டு. குறுக்குவழி என்ற பக்க வகையும் உண்டு. அது மரத்தில் ஒரு இடத்தில் நின்றுகொண்டு வேறு பக்கத்துக்குக் கூட்டிப் போகும். ஒரே பக்கம் இரண்டு பகுதிகளில் தெரிய வேண்டியிருக்கும்போது மிகவும் உதவும்.

பக்கத்தின் தலைப்பு நீளம். மெனுவில் இரண்டு வரிக்கு உடைகிறது. என்ன செய்வது?

தலைப்பைச் சுருக்காதீர்கள். தலைப்புக்கும் மெனுப் பெயருக்கும் தனித்தனிப் புலம் வையுங்கள். ட்ரூபலிலும் டைப்போ3-லும் மோடெக்ஸ் என்ற இன்னோர் அமைப்பிலும் இந்தப் புலம் ஏற்கெனவே இருக்கிறது. வேர்ட்பிரஸில் மரத்திலிருந்து தானாக வரும் பட்டியலுக்கு அது இல்லை, ஆகவே ஒரு தனிப்பயன் புலம் சேர்த்து, அது காலியாக இருந்தால் தலைப்பு, இருந்தால் அந்தச் சிறு பெயர் என்று டெம்ப்ளேட்டில் எழுத வேண்டும். நான்கைந்து வரி நிரல்தான்.

தமிழ்த் தலைப்புகளை அகரவரிசையில் அடுக்கச் சொன்னால் தாறுமாறாக வருகிறதே?

இது நியாயமான கோபம். தமிழில் தளம் கட்டுபவர்களுக்கு மட்டுமே புரியும் வலி.

கணினிகள் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யுனிகோடில் தமிழ் எழுத்துகள் இருக்கும் வரிசை நம் நெடுங்கணக்கு வரிசை அல்ல. அங்கே ச-வுக்கு அடுத்து ஜ நிற்கிறது, ந-வுக்கு அடுத்து ன நிற்கிறது, ர-வுக்கு அடுத்து ற. ழ, ள ஆகியவை வ-வுக்கு முன்னாலேயே வந்துவிடுகின்றன. புள்ளிக்குரிய குறியீடு உயிர்மெய்க் குறிகளுக்கெல்லாம் பின்னால் இருக்கிறது. குறியீட்டு எண்ணை மட்டும் பார்த்து வரிசைப்படுத்தினால் 'பயிற்சிகள்' என்பதற்கு முன் 'பனுவல்கள்' வரும், ஏனென்றால் ன-வின் எண் ய-வின் எண்ணைவிடச் சிறியது. நம் அகராதியில் ய முந்தியது, ன கடைசி. அதேபோல் 'பக்கம்' என்பது 'பகிர்வு' என்பதற்கு முன்னால் வர வேண்டும், ஆனால் பின்னால் போகும்.

பிஎச்பி நிரல்மொழியின் சாதாரண வரிசைப்படுத்தலும் ஜாவாஸ்கிரிப்டின் இயல்பான வரிசைப்படுத்தலும் இப்படி எண்ணைத்தான் பார்க்கும். இரண்டிலும் மொழியறிந்து ஒப்பிடும் கொலேட்டர் வசதி இருக்கிறது. அதற்குத் தமிழ் என்று மொழியைச் சொல்லிக் கொடுத்தால் வரிசை ஒழுங்காக வரும். தரவுத்தளமே வரிசைப்படுத்துகிறது என்றால், அட்டவணையின் கொலேஷன், அதாவது எழுத்துகளை ஒப்பிடும் அமைப்பு, யுனிகோட் ஒப்பீட்டு விதியைப் பின்பற்றுகிறதா என்று பாருங்கள். பெயர் 'பின்' (bin) என்று முடியும் பைட் ஒப்பீட்டுக் கொலேஷன் இருந்தால் அங்கேதான் சிக்கல். யுனிகோட் விதிப்படி மெய்களின் வரிசை நெடுங்கணக்கை ஒட்டியே வரும்.

அப்புறம் இன்னொன்று. மெனுவுக்கு அகரவரிசை நல்ல வரிசைதானா என்றும் யோசியுங்கள். ஐம்பது பெயர் கொண்ட துறைப் பட்டியலுக்கு நல்லது. 'அறிமுகம், நிறுவுதல், பயன்படுத்துதல்' என்று படிப்படியாகப் போகும் பகுதிக்கு வரிசை எண்தான் சரி. எண்களை 1, 2, 3 என்று கொடுக்காமல் 10, 20, 30 என்று கொடுங்கள். நடுவில் ஒன்றைச் செருக இடம் இருக்கும்.

மெனுவில் ஏழு உருப்படிக்கு மேல் கூடாது என்கிறார்களே?

1956-ல் உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் எழுதிய ஆய்வுக் கட்டுரையிலிருந்து பிறந்த பேச்சு அது. அவர் எழுதியது, ஒருவர் ஒரே நேரத்தில் மனத்தில் பிடித்து வைத்துக்கொள்ளக்கூடியவற்றின் அளவைப் பற்றி. மெனுவை யாரும் மனப்பாடம் செய்வதில்லை, அது கண்முன்னே இருக்கிறது. ஆகவே அந்த எண் இங்கே பொருந்தாது. பெயர்கள் ஒன்றுக்கொன்று தெளிவாக வேறுபட்டிருந்தால் ஒன்பதும் சிரமமில்லை. 'சேவைகள்', 'தீர்வுகள்', 'வசதிகள்' என்று மூன்றே இருந்தாலும் எதை அழுத்துவது என்று தெரியாமல் நிற்பார்கள்.

எத்தனை நிலை ஆழம் போகலாம்?

கருவியின் எல்லை வேறு, ஆளின் எல்லை வேறு. ட்ரூபலின் தரவுத்தளத்தில் மெனு அட்டவணையில் ஒவ்வொரு இணைப்பின் முன்னோர் பாதையையும் வைக்க ஒன்பது நெடுவரிசைகள் இருக்கின்றன, அதனால் அங்கே ஒன்பது நிலைதான் உச்சம். அதை நிரப்ப வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. கீழ்விரி மெனுவில் இரண்டு நிலை போதும். அதற்குக் கீழே உள்ளவற்றைப் பகுதிக்குள் இருக்கும் பக்கவாட்டுப் பட்டியலும் 'முகப்பு › பயிற்சிகள் › தொடக்கநிலை' என்று காட்டும் வழித்தடமும் பார்த்துக்கொள்ளட்டும். வழித்தடமும் அதே மரத்திலிருந்துதான் பிறக்கிறது, தனி உழைப்பு வேண்டாம்.

ஒரு பக்கத்தை மெனுவிலிருந்து மறைத்தால் அது யாருக்கும் தெரியாது, சரிதானே?

சரியில்லை. மெனுவில் மறைப்பது வாசலுக்குப் போகும் பலகையை எடுப்பது போல. வாசல் திறந்தே இருக்கிறது. முகவரி தெரிந்தவர் வரலாம், தளத்துக்குள் தேடினால் வரும். வேர்ட்பிரஸ் 2020-ல் வந்த 5.5 பதிப்பிலிருந்து தேடுபொறிகளுக்கான தளவரைபடத்தைத் தானே தயாரிக்கிறது, அதிலும் அந்தப் பக்கம் இருக்கும். சிலர் மட்டுமே பார்க்க வேண்டியதென்றால் அனுமதி அமைப்பில் பூட்டுங்கள்.

பக்கத்தை மரத்தில் வேறு இடத்துக்கு நகர்த்தினேன். மெனு சரியாகிவிட்டது, ஆனால் பழைய இணைப்புகள் வேலை செய்யவில்லை.

மரம் மெனுவை மட்டும் உருவாக்குவதில்லை. பெரும்பாலான அமைப்புகளில் முகவரியும் அதிலிருந்தே வருகிறது. தாய் மாறினால் முகவரி மாறும், சேய்கள் எல்லாவற்றின் முகவரியும் கூடவே மாறும். வேர்ட்பிரஸ், பதிவுகளின் பழைய முகவரிப் பெயரை நினைவில் வைத்துத் திருப்பிவிடும். ஆனால் பக்கங்களுக்கு அந்த நினைவு இல்லை. சில நேரம் ஊகித்துக் கொண்டுபோய்ச் சேர்க்கும், அதை நம்ப முடியாது. ஆகவே நகர்த்துவதற்கு முன் பழைய முகவரிகளைக் குறித்து வைத்து, ஒவ்வொன்றுக்கும், வருபவரைப் புதிய முகவரிக்கு நிரந்தரமாக அனுப்பும் 301 திருப்புகை அமையுங்கள்.

தமிழ் முகவரிகளுக்கு இன்னொரு சிக்கல். ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட், முகவரியில் அது ஒன்பது எழுத்தாக விரியும். 'தமிழ்' என்ற சொல்லில் ஐந்து குறியீடுகள் (த, ம, இகரக் குறி, ழ, புள்ளி), அதுவே 45 எழுத்து. வேர்ட்பிரஸ் ஒரு பக்கத்தின் முகவரிப் பெயருக்கு 200 எழுத்துதான் இடம் தருகிறது, அதாவது ஏறக்குறைய 22 தமிழ்க் குறியீடுகள். நீளமான தலைப்புகள் பாதியில் வெட்டுப்படுவது இதனால்தான். இரண்டு சொல்லில் ஒரு பெயரை நீங்களே கொடுத்துவிடுங்கள்.

தானியங்கி மெனு வைத்த பிறகு தளம் மெதுவாகிவிட்டது.

ஒவ்வொரு பார்வைக்கும் முழு மரத்தையும் படித்தால் அப்படித்தான் ஆகும். குறிப்பாக, ஒவ்வொரு பக்கத்துக்கும் 'உனக்குச் சேய் உண்டா' என்று தனித்தனியாகத் தரவுத்தளத்தைக் கேட்கும் நிரல் இருந்தால், 300 பக்கத் தளத்தில் 300 கேள்விகள் போகும். எல்லாப் பக்கங்களையும் ஒரே கேள்வியில் எடுத்து, நினைவகத்தில் மரமாக அடுக்குங்கள். பிறகு அந்த முடிவைக் கேஷில் (தற்காலிகச் சேமிப்பில்) வைத்து, ஏதாவது ஒரு பக்கம் சேமிக்கப்படும்போது மட்டும் அழியுங்கள்.

இங்கே இரண்டு பொறிகள். ஒன்று, 'இப்போது இருக்கும் பக்கம்' என்ற அடையாளத்தையும் சேர்த்துக் கேஷ் செய்துவிட்டால், எந்தப் பக்கத்துக்குப் போனாலும் முதலில் பார்த்த பக்கமே வண்ணம் மாறி நிற்கும். மரத்தைக் கேஷ் செய்யுங்கள், அடையாளத்தைக் கடைசியில் ஒட்டுங்கள். இரண்டாவது பொறி ஆபத்தானது. நிர்வாகி உள்நுழைந்திருக்கும்போது உருவான மெனு கேஷாகி, அவருக்கு மட்டும் தெரிய வேண்டிய பெயர்கள் எல்லோருக்கும் போய்விடும். ட்ரூபல் 8 முதல் இதற்கென்றே கேஷ் சூழல்கள் என்ற அமைப்பு இருக்கிறது. மற்றவற்றில் பயனர் வகைக்கு ஒரு கேஷ் என்று நீங்கள்தான் பிரிக்க வேண்டும்.

திரைப்படிப்பான் பயன்படுத்துபவர்களுக்கு என்ன செய்ய வேண்டும்?

மெனுவை உண்மையான பட்டியலாக, பட்டியலுக்குள் பட்டியலாக எழுதுங்கள். அப்போதுதான் 'பட்டியல், ஆறு உருப்படிகள்' என்று திரைப்படிப்பான் (திரையில் இருப்பதைக் குரலில் படிக்கும் மென்பொருள்) வாசித்துச் சொல்லும். அதைச் சுற்றி எச்டிஎம்எல்5-இன் 'நேவ்' (nav) குறி. இப்போதைய பக்கத்தின் இணைப்புக்கு 'ஏரியா-கரன்ட்' (aria-current) பண்பு. வண்ணத்தை மட்டும் மாற்றினால் பார்வையற்றவருக்கு அது எட்டாது.

கீழ்விரி மெனு, சுட்டியை மேலே கொண்டுபோனால் மட்டும் திறப்பதாக இருக்கக் கூடாது. விசைப்பலகையாலும் தொடுதலாலும் திறக்க ஒரு பொத்தான் வேண்டும், திறந்ததை எஸ்கேப் விசையால் மூட முடிய வேண்டும். 2023-ல் வந்த டபிள்யூசிஏஜி 2.2 (எல்லோரும் அணுகக்கூடிய இணையத்துக்கான வழிகாட்டி) தொடும் இடங்களுக்கு 24-க்கு 24 பிக்சல் என்று குறைந்தபட்ச அளவு சொல்கிறது. விரலால் அழுத்திப் பார்த்தால் அதற்கு மேலேயே கொடுக்கத் தோன்றும். தானியங்கி மெனுவின் பெரிய நன்மை இங்கேதான்: டெம்ப்ளேட்டில் ஒருமுறை சரியாக எழுதிவிட்டால், இனி சேரும் ஒவ்வொரு பக்கத்துக்கும் அது சரியாகவே வரும்.

ஏற்கெனவே 400 பக்கம் உள்ள பழைய தளம். மெனு முழுவதும் கையால் கட்டியது. எங்கிருந்து தொடங்குவது?

மெனுவைத் தொடாதீர்கள். முதலில் எல்லாப் பக்கங்களையும் ஒரு விரிதாளில் இறக்குங்கள்: தலைப்பு, முகவரி, தாய்ப்பக்கம், கடைசியாகத் திருத்திய தேதி. எந்த மெனுவிலும் இல்லாமல், எந்தப் பக்கத்திலிருந்தும் இணைப்பும் இல்லாமல் கிடப்பவற்றை அப்போதுதான் முதன்முறையாகப் பார்ப்பீர்கள். தேவையற்றதை நீக்குங்கள், ஒரே விஷயத்தைச் சொல்லும் இரண்டை ஒன்றாக்குங்கள்.

பிறகு ஒரே ஒரு பகுதியை எடுத்து, அதன் பக்கங்களுக்கு மட்டும் தாய், வரிசை எண், மெனுப் பெயர் கொடுத்து, பக்கவாட்டுப் பட்டியலைத் தானாக வரவையுங்கள். திருப்புகைகளைச் சரிபாருங்கள். அந்தப் பகுதியில் எழுதுபவர்கள் இரண்டு வாரம் பழகட்டும். அவர்கள் புதிதாக ஒரு பக்கம் சேர்த்து, யாரையும் கேட்காமல் அது சரியான இடத்தில் வந்து நின்றதும், அடுத்த பகுதிக்குப் போங்கள். மேல்பட்டையில் இருக்கும் அந்த ஐந்தாறு பெயர்களைக் கடைசியில், எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து, கையால் எழுதுங்கள்.